சிமிட்ட மறந்த கண்

"அழுவுலக்கா, கண்ணு அதுவா ஒழுவுது. நீ அளவு ஜாக்கெட்ட வெச்சிட்டுப் போ."

தலையை நிமிர்த்தாமலே தாட்சாயிணி இதைச் சொல்வாள். திருவேற்காட்டில் அவள் வீட்டு முன்னறைக்குள் நுழைகிற எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். மரச் சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டிய துணி, வலது கையில் பூவேலை செய்கிற ஆரி ஊசி, துணிக்கு அடியில் ஜரிகை நூலைப் பிடித்த இடது கை. கண் மட்டும் தன் போக்கில் வழிந்துகொண்டிருக்கும்.

பாவம், புருஷன் குணசேகரன். தெருவில் பாதிப் பேர் அவர் கைநீட்டுகிறவர் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து வரும்போது, ஊர் பார்க்கட்டும் என்று மல்லிகைப் பூவைத் தூக்கிப் பிடித்தபடி வருவார். "நாலு பேரு எதிர்ல கொஞ்சம் சிரியேம்மா" என்று கெஞ்சுவார். "சிரிச்சா ஊசி கோணிக்கும்" என்பாள்.

பிளவுஸில் மயிலின் கழுத்து ஒன்றை ஆரம்பித்தால் முடிகிறவரை அவள் இமைக்க மாட்டாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் கோக்கிற மணி ஒன்று தப்பிவிடும் என்று நினைப்பு. மணிகளோடு பேச்சு வேறு: "தோ, எங்க ஓடுற? வா இப்டி." கல்யாண பிளவுஸ் என்றால்தான் பயம். முகூர்த்தத் துணியில் கண்ணீர் பட்டால் பொண்ணுக்கு ஆகாது என்று அந்தப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. அதனால் தலையை ஒருக்களித்து, வழிவதை எல்லாம் தன் தோளிலேயே இறக்கிக்கொள்வாள். ராத்திரி கழுத்து பிடித்துக்கொள்ளும். தைலம் தேய்ப்பதும் அதே குணசேகரன்தான்.

போன வாரம் அந்தக் கவனமும் தப்பிவிட்டது. ரேணுகாவின் மகள் கிருஷ்ணப்பிரியாவுக்குக் கல்யாணம். மூன்றே நாள் இருந்தது. அரக்குச் சிவப்பு பிளவுஸ், பதினோரு நாள் உழைப்பு, இடது கை மட்டும் பாக்கி. அம்மாவும் பெண்ணும் பார்க்க வந்து நின்ற நேரம் பார்த்து, ஒரு சொட்டு மயிலின் மேல் விழுந்தது.

"அடிப்பாவி! முகூர்த்தத் துணி மேல இன்னாடி கண்ணுத்தண்ணி?" ரேணுகாவின் குரல் தெருமுனை வரை கேட்டிருக்கும். "கயட்டு அத. பாதில கீதோ முழுசா கீதோ, எடுத்துகினு போறேன்."

ரேணுகா நாலு வீட்டில் வாய் திறந்தால் போதும், கல்யாணத் துணி எதுவும் இனி இந்தப் படியேறாது. "சத்தியமா அழுவுலக்கா" என்றாள் தாட்சாயிணி. சொல்லும்போதே நிஜமான அழுகையே முட்டிக்கொண்டு வந்தது. இப்போது அழுதால் அதுவே சாட்சியாகிவிடும் என்று பல்லைக் கடித்து விழுங்கினாள்.

"இரும்மா" என்றாள் கிருஷ்ணப்பிரியா. கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவள். "எனக்கும் ஆபீஸ்ல இப்டித்தான். ஸ்கிரீனையே மொறச்சிகினு இருந்தா சிமிட்ட மறந்துடும். கண்ணு காஞ்சுபோய் எரிஞ்சா, தானா தண்ணி ஊத்துது. டாக்டரே சொன்னாரு. நம்பலயா? தோ பாரு."

எதிரே உட்கார்ந்து சுவர்க் காலண்டரை இமைக்காமல் முறைத்தாள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. கண் சிவந்து, இரண்டு கன்னத்திலும் பொலபொலவென்று இறங்கியது.

"ஐயோ, கல்யாணப் பொண்ணு அழுவாதடி!" என்று பதறினாள் ரேணுகா.

"யாரு அழுவுறா?" கன்னம் நனைந்திருக்க, பெண் சிரித்தாள்.

ரேணுகா இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கொஞ்சம் வெட்கம், கொஞ்சம் வீம்பு. பிறகு நாற்காலியைச் சட்டத்துக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சரி, அந்தக் கைய முடி. நான் சொல்லச் சொல்ல சிமிட்டு."

"சிமிட்டு தாட்சா" என்றதும் சிமிட்டினாள். மறுபடி சொன்னதும் சிமிட்டினாள். மயிலின் தோகை வளைகிற இடம் வந்ததும், சொன்னது எதுவும் அவள் காதில் விழவில்லை. இரண்டு கையும் வேலையில் மாட்டியிருந்தன. இமையோரம் ஒரு சொட்டு திரண்டது. பத்திரிகை வைக்கக் கட்டிவந்த பட்டுப்புடவையின் முந்தானையை எடுத்து, ரேணுகா அதை மெல்ல ஒற்றியெடுத்தாள்.