கோணல் மிஸ் வரைந்த வீடு

வரைந்துகொண்டிருந்த நாயின் நான்காவது காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் வாலுக்குப் பக்கத்திலேயே செருகிவிட்டு, "முடிஞ்சுது" என்று நிமிர்ந்தார் மிஸ். எதிரே கைகட்டி உட்கார்ந்திருந்த ஒன்பதாம் வகுப்பு மாணவன் எட்டிப் பார்த்தான்.

"இது என்ன மிஸ், நாற்காலியா?"

"நாய்ப்பா."

"பாவம் மிஸ் அது" என்று பென்சிலைப் பிடுங்கிக்கொண்டான். அரை மணி நேரத்தில் நாயும் தேறியது, அவன் வாயும் திறந்தது.

பள்ளியில் அவருக்குக் 'கோணல் மிஸ்' என்று பெயர். இருபது வருடம் கணக்குப் பாடம் நடத்தி வகுப்பையே வாயடைக்க வைத்தவர். பிறகு, ஓவியத்தின் வழியாக மனநல ஆலோசனை தரும் படிப்பை முடித்தார். இப்போது பிள்ளைகளைப் பேச வைக்கச் சம்பளம் வாங்குகிறார். படிப்பில் முதல் வகுப்பு. கைதான் சொன்ன பேச்சு கேட்காது. "நான் வேணா சும்மாவே கத்துத் தரேனே" என்று ஓவிய ஆசிரியர் மூன்று முறை கேட்டுவிட்டார். "என் பொழப்புல மண்ணைப் போடாதீங்க சார்" என்று மிஸ் கும்பிட்டுவிட்டார்.

பிள்ளைகள் வரைந்த படத்தைப் பார்த்து அவர்கள் மனசைச் சொல்லச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "கறுப்பா பூசினா துக்கம்னு புத்தகத்துல போட்டிருக்கு. டப்பால மத்த கலரெல்லாம் தீந்துபோச்சுன்னு புத்தகத்துக்குத் தெரியுமா?"

பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி மூன்று வாரம் வந்து சுவரைப் பார்த்துவிட்டுப் போனாள். நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவள், திடீரென்று யாரிடமும் பேசுவதில்லை. நான்காம் வாரம் மிஸ் ஒரு வீடு வரைந்தார். கூரை ஒரு பக்கம் சரிய, ஜன்னல் சுவரைவிட்டு வெளியே தொங்கியது. அவளுக்குப் பொறுக்கவில்லை.

"கதவே இல்லையே மிஸ்!"

"அட, ஆமா. எங்க வைக்கலாம்?"

ஓரமாகச் சின்னதாய் ஒரு கதவு போட்டாள். "இது பின்வாசல். அப்பா பைக் சத்தம் கேட்டதும் இப்படிப் போயிடலாம்."

"எதுக்குப் போகணும்?"

"மார்க் கேப்பார். அப்புறம் கத்துவார்."

மீதியை அழுதுகொண்டே சொன்னாள். கடைசியில், "அப்பாகிட்ட நான் பேசலாமா?" என்று மட்டும் மிஸ் கேட்டார். அவள் சரியென்று தலையாட்டினாள்.

அப்பா ஹெல்மெட்டும் கையுமாக வந்தார். "பேச வைங்கன்னு அனுப்பினா, படம் வரைஞ்சுக்கிட்டு இருக்கீங்களாமே? அவ அப்படி என்னதான் வரைஞ்சா? காட்டுங்க."

மிஸ் அவள் படம் இருந்த இழுப்பறையைச் சாத்தினார். வெள்ளைத்தாள் ஒன்றை அவர் முன்னால் வைத்தார்.

"நீங்க உங்க வீட்டைக் கொஞ்சம் வரையுங்களேன்."

"நானா? எனக்கு வரையவே வராதும்மா."

"எனக்கும்தான்" என்று சொல்லி, பென்சிலை அவர் பக்கம் உருட்டிவிட்டார்.