கடற்கரையில் விரித்த ஸ்டாண்டு

எட்டாவதோடு படிப்பை விட்டு, ஊர் ஊராகப் படமெடுத்துப் பிழைத்தவன் நான். கடலோர வயல்களை இறால் பண்ணைக்காரர்கள் வளைத்துக்கொண்டிருந்த சமயம். நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரை ஒன்றில், ஜவுளிக்கடை விளம்பரத்துக்காக மாலதி என்ற பெண்ணை நிறுத்திப் படமெடுத்தேன். முகத்தில் பக்கவாட்டு வெளிச்சம் விழுவதற்காக ஃப்ளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி, சற்றுத் தள்ளி மூன்று கால் ஸ்டாண்டில் மாட்டியிருந்தேன்.

ஃப்ளாஷ் மின்னியதைப் பார்த்து ஊரே அரிவாளோடு ஓடி வந்தது.

"யாரைக் கேட்டுடா மூணு கால் கருவிய நட்டு எங்க நெலத்த அளக்குறீங்க?"

"அளக்கலீங்க, போட்டோதான்."

"போன தடவ வந்தவனும் இதயேதான் சொன்னான். பொம்பளய முன்னால நிறுத்துனா விட்டுருவமா?"

ஸ்டாண்டைப் பிடுங்கி என் தோளில் அடித்தார்கள். மாலதி அழுதபடி குடிக்கத் தண்ணீர் கேட்டாள். ஓர் அம்மாள் குடத்தைச் சாய்த்துக் கொடுத்தார். ஒரு வாய் குடித்ததும் மாலதி துப்பிவிட்டாள். அவ்வளவு உப்பு.

"பண்ணை ஆளுன்னா, அவங்களால உப்பாப்போன எங்க கெணத்துத் தண்ணிய வாயில வைப்பாளா? விடுங்கப்பா" என்றார் அந்த அம்மாள்.

அன்றிலிருந்து, எந்தக் கடற்கரையிலும் ஸ்டாண்டை விரிக்கும் முன் ஊருக்குள் போய் விவரம் சொல்லிவிடுகிறேன். பிறகொரு முறை அதே ஊருக்குப் போனபோது, விவரம் சொல்வதற்குப் பண்ணையின் காவல்காரர் ஒருவர்தான் இருந்தார்.