ஆமைப்பாறையும் இரண்டு சம்பந்திகளும்

பெலித்துங் தீவின் கரையிலிருந்து கலங்கரை விளக்கத் தீவுக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றி, முப்பது வருஷமாகப் படகு ஓட்டுகிறவர் ஜும்ஹாரி. டச்சுக்காரன் நட்டுவிட்டுப் போன அந்த இரும்புக் கோபுரத்தின் உச்சியில் என்னென்ன தெரியும் என்று அவர் சொல்லக் கேட்டால், ஏறாமலே மூச்சு வாங்கும். "வலப்பக்கம் ஆமை மாதிரி ஒரு பாறை. கழுத்தை நீட்டிக்கிட்டு இருக்கும், விட்டுடாதீங்க" என்பார். அப்படி ஒரு பாறையே கிடையாது. என்றோ வாய்க்கு வந்ததைச் சொன்னார். ஏறிப்போனவர்கள் இறங்கி வந்து "பார்த்தோம், பார்த்தோம்" என்றார்கள். அன்றிலிருந்து ஆமை நிலைத்துவிட்டது.

உண்மையில் அவர் ஒரு படிகூட ஏறியதில்லை. ஆளுயர அலையில் சுக்கானைப் பிடித்தபடி கிராம்புச் சிகரெட் புகைக்கிற மனிதருக்கு ஏணியைக் கண்டால் தொடை நடுங்கும். வீட்டுக்கூரை ஒழுகினால் ஏறுவது மனைவி சரிபா.

அவரைக் காப்பாற்றி வந்தது கோபுரத்துக் காவல்காரி மர்லீனாவின் சட்டம். உப்புத்தண்ணீர் பட்டால் இரும்புப்படி துருப்பிடிக்கும் என்பதால், செருப்பைக் கழற்றி, நல்ல தண்ணீரில் கால் கழுவினவர்களைத்தான் உள்ளே விடுவாள். யாராவது மேலே ஏறக் கூப்பிட்டால் ஜும்ஹாரி தம் கால்களைக் காட்டுவார். "இது முப்பது வருஷ உப்பு. ஒரு தொட்டித் தண்ணியில போகுமா?" சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இந்தச் சாக்கு செல்லவில்லை. ஜும்ஹாரியின் மகள் சுர்யானியைத் தம் பையனுக்குக் கேட்டு, பாலெம்பாங்கிலிருந்து அரிசி வியாபாரி தார்விஸ் மனைவியோடு வந்திருந்தார். தேதி குறிப்பதுதான் பாக்கி. படகில் ஆமைக் கதையைக் கேட்டு முடித்ததும், தார்விஸ் தம் மனைவி காதில் விழும்படி உரக்கச் சொன்னார்: "காசு பணம் யார்கிட்டயும் இருக்கும், சம்பந்தி. எனக்கு நெஞ்சுரம் உள்ள குடும்பம் வேணும். அதான் கடல்காரர் வீட்டுப் பொண்ணைத் தேடி வந்தேன்."

ஜும்ஹாரி இன்னொரு சிகரெட்டைப் பற்றவைத்தார்.

"வாங்க, மேல போய்த் தேதி குறிப்போம்" என்றார் தார்விஸ், தீவில் இறங்கியதும். ஜும்ஹாரி வழக்கம்போல் கால்களைக் காட்டினார். தார்விஸ் சிரிக்கவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தொட்டித் தண்ணீரை மொண்டு அந்தக் கால்களில் தாமே ஊற்ற ஆரம்பித்தார். மாப்பிள்ளையைப் பெற்றவர் அப்படிக் குனிந்து நிற்கும்போது எந்த வாயால் மாட்டேன் என்பது?

"முப்பது வருஷ உப்பும் போயிடுச்சு அண்ணே, ஏறுங்க" என்றாள் மர்லீனா. அவளுக்கு எல்லாம் தெரியும், பாவி.

மகளின் முகத்தை நினைத்துக்கொண்டு ஏறினார். பாவம், அழுகையே வந்தது. உச்சிக்குப் போனதும் கம்பியைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"எங்க சம்பந்தி, அந்த ஆமைப்பாறை?"

"அதோ... வலப்பக்கம்."

"அடேயப்பா! கழுத்தைக்கூட நீட்டுதே!"

ஜும்ஹாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாம் சொன்ன பொய் நிஜமாகவே முளைத்துவிட்டதா? ஒரு கண்ணை மட்டும் திறந்தார். வெறும் கடல். பக்கத்தில் தார்விஸ், கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு, இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு நின்றார். மேலுதட்டில் வியர்வை.

"நீங்களுமா சம்பந்தி?"

"சத்தம் போடாதீங்க. கீழ என் வீட்டுக்காரி பார்த்துக்கிட்டு இருக்கா."

கல்யாணத் தேதியைக் கண்ணைத் திறக்காமலே குறித்தார்கள். கீழே வந்ததும், ஆமையைப் பற்றி அதிகம் பேசியவர் தார்விஸ்தான். அதற்கு ஒரு குட்டியும் இருந்ததாம்.