அம்மா ஏறினால் மட்டும்

எங்கள் காருக்கு ஒரு விசித்திரமான வியாதி இருந்தது. அம்மா ஏறினால் மட்டும் சத்தம் போடும்.

அப்பா தனியாக ஒரகடம் வரை போய்வந்தால் போடாது. என்னை ஏற்றிக்கொண்டு போனால் போடாது. அத்தை ஏறினால்கூடப் போடாது. ஒரு பக்கமாகச் சாயும், அவ்வளவுதான். ஆனால் அம்மா முன்சீட்டில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை உள்ளே இழுத்துக்கொண்டு, வண்டி தெருமுனை திரும்பியதோ இல்லையோ, ஆரம்பித்துவிடும். தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டு யாரோ விடாமல் குலுக்குவதுபோல ஒரு சத்தம்.

சேரப்பணஞ்சேரியில் அப்பா மாவு மில் வைத்திருந்தார். வருஷக்கணக்கில் மெஷின் பக்கத்திலேயே நின்றதில் அவருக்குக் காது மந்தம். பக்கத்தில் போய்க் கத்தினால் கேட்கும். காரின் முனகலெல்லாம் கேட்கவே கேட்காது. ஆகவே காரைப் பொறுத்தவரை அவருக்குக் காது நான்தான். நாலாவது படிக்கிற பையனுக்கு இது சின்னப் பதவியில்லை. வண்டி ஓடும்போது பின்சீட்டுக்கும் முன்சீட்டுக்கும் நடுவே குப்புறப் படுத்து, மண்ணெண்ணெய் ஊற்றுகிற புனலைத் தரையில் கவிழ்த்து, அதன் முனையில் காதை வைத்துக் கேட்பேன். ஒரு டாக்டருக்குரிய கவலை முகத்தில் இருந்திருக்கும். மண்ணெண்ணெய் வாசனையும் இருந்தது.

கவலைக்குக் காரணம் இருந்தது. அம்மாவுக்கு அப்போது மாசம். வலி கண்டதும் தாம்பரத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்; போவதற்கு இருந்தது இந்தக் கார்தான். முந்தின வருஷம் அம்மா மாட்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். அதற்கு முன்னாலும் ஒருமுறை அப்படித்தான். "கட்டை வண்டி குலுக்கின குலுக்குலதான் போச்சி" என்று அத்தை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். இன்னது போயிற்று என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அப்பா மில்லுக்கு இரண்டாவது மெஷின் வாங்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், ஒருநாள் மெட்ராஸ் போய், மூன்று பேரிடம் வாழ்ந்து முடித்த இந்தக் கறுப்பு காரை ஓட்டிக்கொண்டு வந்து நின்றார். எனக்குப் பரம சந்தோஷம். மெஷினை வைத்துக்கொண்டு ஊர்கோலம் போக முடியுமா?

அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, லீவு நாளில் வந்து வைத்தியத்தை ஆரம்பித்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பது அவர் பாணி. அம்மாவை முன்னால் உட்காரவைத்து, அவர் பின்சீட்டில் கண்ணை மூடிக்கொள்ள, நான் தரையில் புனலோடு. ஒரகடம் போய்த் திரும்புவதற்குள் மாமா மூன்று நோய்களைக் கண்டுபிடித்திருந்தார்.

"பேரிங் போயிருக்கு மாமா. இல்லாங்காட்டி சைலன்சர். அதுவும் இல்லன்னா டிக்கில ஏதோ உருளுது" என்று அப்பாவிடம் கத்தினார்.

அப்பா காதைத் திருப்பி, "இன்னா உருளுது?" என்றார்.

"தெர்லயே, அதான் பாக்கணும்."

டிக்கியிலிருந்த ஜாக்கி, ஸ்பேனர், கோணிப்பை எல்லாம் இறங்கின. சைலன்சரைக் கம்பியால் இறுக்கிக் கட்டினார். சத்தம் அப்படியே இருந்தது. அடுத்து, குறிப்பிட்ட ஒரு எடை முன்சீட்டில் உட்கார்ந்தால்தான் ஏதோ ஒன்று உரசுகிறது என்று மாமாவுக்குத் தோன்றியது. அம்மாவை மில் தராசில் ஏற்றி நிறுத்துப் பார்க்கலாம் என்றார்.

"புள்ளத்தாச்சிய தராசுல நிறுத்துவியா நீ? மொளகாய்ப் பொடியா அவ?" என்று அத்தை வாசலிலிருந்தே கேட்டாள்.

அம்மா சிரித்துக்கொண்டே, "உடுங்க அண்ணி, பேரிங்குதான அவனுக்குத் தெரியும்" என்றாள்.

ஆகவே குத்துமதிப்பாக ஒரு கேழ்வரகு மூட்டையை அம்மாவின் இடத்தில் வைத்தார்கள். அப்பா ஓட்டினார். வண்டி பறந்தது. சத்தமே இல்லை. மூட்டையின்மேல் நான் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். அப்போதும் இல்லை. மூட்டையை இறக்கிவிட்டு அம்மாவை ஏற்றினோம். சைக்கிளில் சோடா பெட்டி கட்டிப்போனவர் மணியடித்தபடி எங்களை முந்திக்கொண்டு போனார். நான் கீழே புனலில் புளியங்கொட்டைக் கச்சேரி கேட்டுக்கொண்டிருந்தேன்.

மாமா அத்தோடு பஸ் ஏறிவிட்டார். இரவு ஷிப்ட் என்றார்.

அத்தை தன் வைத்தியத்தைக் கையிலெடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் சாமியாரை வீட்டுக்கு அழைத்து வந்து வண்டியை மந்திரிக்கச் சொன்னாள். அவர் தீர்த்தம் தெளித்து, ஜெபம் சொல்லி, காப்பியும் குடித்தார். திரும்ப அவரைக் கோயிலில் விடும்போது நான் தரையில் படுத்துக் கேட்டேன். நிசப்தம்.

"பாத்தியா? சாமியார் குந்தினதும் மூச்சு உடல" என்றாள் அத்தை.

அன்று சாயங்காலம் அம்மா ஏறினாள். சத்தம் ஏறியது. அத்தை அம்மாவை ஒரு மாதிரி பார்த்தாள். பார்த்த உடனே பார்வையை மாற்றிக்கொண்டாள் என்றாலும் நான் பார்த்துவிட்டேன். அம்மா மட்டும் வெளியே வயலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தாள். காருக்கு அம்மாவைப் பிடிக்கவில்லை. பிடிக்காத கார், பாதி வழியில் அம்மாவை இறக்கிவிடும். அம்மா மறுபடியும் வெறுங்கையோடு வருவாள். என் வியாக்கியானம் இதுதான்.

பீதியில் என்னென்ன செய்தேன் என்று நினைத்தால் இன்றும் எனக்கே என்மேல் பரிதாபமாக இருக்கிறது. காருக்கு முத்தம் கொடுத்தேன். "எங்கம்மா நல்லவங்க" என்று ரேடியேட்டரிடம் சிபாரிசு செய்தேன். அது போதாதென்று கட்டை வண்டிக்காரரிடம் போய், ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று எங்கள் கார் பின்னாலேயே வண்டியை ஓட்டிவர முடியுமா என்று கேட்டேன்.

"கார் பின்னால மாடு ஓடுமாடா?"

"அடிக்காம ஓட்டினா ஓடும்."

"இன்னா படிக்கிற நீ?"

"நாலாவது."

"அதான்" என்று அவர் வைக்கோல் உதறப் போய்விட்டார்.

கடைசியில் வேளாங்கண்ணி மாதாவிடம் போனேன். சத்தம் நின்றால் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். அப்போதுதான் நெற்றியில் விழுகிற மாதிரி முடி வளர்த்திருந்தேன் என்பதை மாதா கவனிக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லிவைத்தேன்.

வலி வந்தது ஒரு முற்பகலில். அத்தை என்னை மில்லுக்குத் துரத்தினாள். ஓடிப்போய் அப்பாவின் காதில் கத்தினேன். அவர் பெல்ட்டைக்கூட நிறுத்தாமல் வந்தார். புருவம், மீசை, கை ரோமம் எல்லாம் மாவு. பின்சீட்டில் அத்தையின் மடியில் அம்மா சாய்ந்துகொண்டாள். முன்னால் நான் ஏறியதை யாரும் தடுக்கவில்லை. தெருமுனை திரும்பினோம். புளியங்கொட்டை ஆரம்பித்தது.

"சத்தம் வருதுப்பா!"

அப்பா வேகத்தைக் குறைத்தார். சத்தம் பெரிதாயிற்று. முன்னிலும் பெரிதாகக் கத்தினேன். அவர் இன்னும் குறைத்தார். நான் கத்தக் கத்த அவர் குறைக்க, குறைக்கக் குறைக்கக் கார் உதற, படப்பை வருவதற்குள் கண்ணாடி, கதவு, என் பல் எல்லாம் ஆடின. அப்பாவின் கை ஸ்டியரிங்கில் இறுகி, மாவு உதிர்ந்துகொண்டிருந்தது. நான் மாதாவிடம் ஏலத்தை உயர்த்தினேன். மொட்டை. மொட்டையோடு என் உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி. அதோடு தவக்காலம் முழுக்க முறுக்கு தின்பதில்லை. கிறிஸ்துமஸ் வரைக்கும் தின்பதில்லை.

பின்னாலிருந்து அம்மா, "ஏங்க" என்றாள். அப்பாவுக்குக் கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். அப்புறம் என்னைக் கூப்பிட்டாள். வலியில் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. ஆனால் குரலில் சிரிப்பு இருந்தது.

"அப்பாகிட்ட சொல்லுடா. கியரை மாத்தி வேகமா போவச் சொல்லு. நான் ஒண்ணும் ஒடைஞ்சிட மாட்டேன்னு சொல்லு."

எட்டி அப்பாவின் காதோடு வாயை வைத்தேன். "அம்மா ஒடைய மாட்டாங்களாம். கியர் மாத்தி வேகமா போவணுமாம்."

அப்பா மேலே இருந்த கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தாரோ. எதிரே வந்த எருமை ஒதுங்கிக்கொண்டது. பிறகு கியரை மாற்றினார். வண்டி ஒரு உலுக்கு உலுக்கியது. அத்தை, "சேசுவே" என்றாள். அடுத்த நிமிஷம் கார் சீராகப் பாய்ந்தது. சத்தம் அறவே நின்றுபோயிற்று.

முறுக்கில்தான் மாதா இரங்கினாள் என்று நான் முடிவு கட்டினேன்.

தங்கச்சி பத்திரமாகப் பிறந்தாள். இன்றைக்கு அவள் இருக்கும் வீட்டுக்கும் எனக்கும் நடுவே ஒரகடத்து ஆறு வழிச்சாலை ஓடுகிறது. அந்தச் சாலையில், என் மனைவி மாசமாயிருந்த காலத்தில், கண்டெய்னர் லாரிகள் பின்னாலிருந்து ஹாரன் அடித்துத் திட்ட, நான் டாப் கியரில் ஊர்ந்துகொண்டிருந்தேன். கியர் மாற்றினால் அவளுக்கு அலுங்குமே என்று பயம். "இன்னாங்க சத்தம் அது, கடகடன்னு?" என்று அவள் கேட்டாள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, "புளியங்கொட்டை" என்றேன். அவள் பயந்துபோனாள். காதில் கத்திச் சொல்ல அப்பா அப்போது உயிரோடு இல்லை. கட்டை வண்டிக்காரர் சொன்னது தப்பு. அம்மா ஏறியிருந்தால் எங்கள் காரின் பின்னால் எந்த மாடும் தாராளமாக ஓடி வந்திருக்கும்.

ஆனால் அப்போது எனக்கு இது எதுவும் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த நாள்தான் நினைவிருக்கிறது. முன்சீட்டில் அம்மா, அவள் மடியில் வெள்ளைத் துணிக்குள் தங்கச்சி. பின்னால் அத்தையும் நானும். முடிச்சூர் தாண்டியதும் சைக்கிள்கள் எங்களை முந்த ஆரம்பித்தன. அப்புறம் புளியங்கொட்டை மறுபடியும் ஆரம்பித்தது. முன்னெப்போதையும்விட உரக்க. இன்னும் மொட்டை போடாததற்கு மாதா கொடுத்த தண்டனை என்று எனக்கு வேர்த்துவிட்டது. எட்டி அப்பாவின் காதில் கத்தினேன்.

"சத்தம் வருதுப்பா!"

அப்பா தங்கச்சியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். இருவருமாகச் சிரித்தார்கள்.

"வரட்டும்டா" என்றார்.

பாவம், காது முழுக்கவே போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, வீடு வரும்வரை ஒவ்வொரு மைல்கல்லிலும் அவர் காதில் அதையே கத்திக்கொண்டு வந்தேன்.