அறுபத்து மூன்றாவது பெயர்

கிரகரி விற்பது சாஃப்ட்வேர். மலேசியாவில் கேமரன் மலைமேல் இருக்கும் பிரிஞ்சாங் டவுனில் காய்கறிப் பெட்டி விற்கும் கடைக்கு மேலே ஒரு அறை, இரண்டு கணினி, சரியாக மூடாத ஒரு ஜன்னல். அவ்வளவுதான் அவன் கம்பெனி. தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, கோலாலம்பூரில் பதினோரு வருஷம் பெரிய கம்பெனிக்கு உழைத்துக் கொட்டிவிட்டு, அப்பாவுக்கு முடியவில்லை என்று திரும்பி வந்தவன்.

கோயில் கமிட்டி, சர்ச் கமிட்டி, மரண சகாயச் சங்கம் இவர்களுக்காக அவன் எழுதியதுதான் ‘ஊர்ச்சேதி’. உறுப்பினர் பெயரையும் நம்பரையும் ஏற்றிவிட்டால் போதும். செயலாளர் ஒரு சேதியைப் போட்டதும் எல்லார் கைக்கும் போய்விடும், பழைய பட்டன் போனுக்குக்கூடக் குறுஞ்செய்தியாக. எல்லாம் கிளவுடில், அதாவது மேகத்தில் இருக்கிறது என்று அவன் விளக்கியபோது லயத்து ஆட்கள் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்கள். கேமரனில் மேகத்துக்கா பஞ்சம்.

அதில் மூன்று தரம் வைத்தான். இலவசத்துக்குப் பெயர் ‘தே ஓ’, பால் விடாத வெறும் டீ. மாசம் முப்பது வெள்ளிக்கு, அதாவது முப்பது ரிங்கிட்டுக்கு, ‘தே’, பால் டீ. அதற்கும் மேலே ‘தே தாரிக்’, நுரை பொங்க இழுத்து ஆற்றினது. பெயர் எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. ஆனால் எந்தத் தரத்தில் எதைக் கொடுப்பது, எதை நிறுத்திவைப்பது என்பதில்தான் அவன் ஒரு வாரம் மூளையைக் கசக்கினான். இலவசத்தில் எங்கேயாவது கொஞ்சம் கடிக்க வேண்டும், அப்போதுதான் ஆள் பணம் கட்டி மேலே ஏறுவான் என்று கோலாலம்பூர் மேனேஜர் சொல்லிக்கொடுத்திருந்தார். கிரகரி இரண்டு இடத்தில் கடிக்கவைத்தான். தே ஓவில் முதல் ஐம்பது பெயருக்குத்தான் சேதி போகும். யாருக்குப் போகவில்லை என்று பார்க்க வேண்டுமானால் பணம் கட்ட வேண்டும்.

தான் பிறந்த தோட்டத்துச் சங்கத்திடம் அவன் வற்புறுத்தவில்லை. செயலாளர் ராதாகிருஷ்ணன், தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ரிட்டையர் ஆனவர், காசு விஷயத்தில் கெட்டி.

“நமக்கு தே ஓ போதும் லா. சாவுச் சேதி சொல்றதுக்குப் பால் எதுக்கு, சீனி எதுக்கு? பேரெல்லாம் நானே ஏத்திக்கிறேன், நீ வேலையைப் பாரு.”

சொந்த ஜனத்துக்கு இலவசமாகக் கொடுத்தோம் என்று கிரகரிக்கு உள்ளூரப் பெருமை. அந்தப் பெருமையில் எத்தனை பேர் என்று பட்டியலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை மாரியம்மா இறந்துபோனாள். கிரகரி வளர்ந்த லயத்து வீட்டுக்கு அடுத்த கதவு அவளுடையது. அவன் அம்மா கொழுந்து பறிக்கப் போன நாளெல்லாம் பள்ளிக்கூடம் விட்டு வந்தவனுக்குச் சோறு போட்டவள். சிலுவை போட்ட வீடு, விபூதி பூசுகிற வீடு என்று அவள் பிரித்துப் பார்த்ததே இல்லை. சேதி எட்டரை மணிக்கு அவன் போனில் வந்தது. படுத்துவிட்ட அப்பாவுக்குப் பதிலாகச் சங்கத்தில் அவன் நாற்பத்து நாலாவது உறுப்பினன். படித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் அழுதான், பிறகு காரை எடுத்தான்.

மாரியம்மா வீட்டில் எல்லாம் தயார். நாலு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. ஒன்றே ஒன்றுதான் பாக்கி, பிறந்த வீட்டுக் கோடி. கூடப் பிறந்தவன் கொண்டுவரும் புதுச் சேலை மேலே விழாமல் ஒரு பெண்ணை அங்கே எடுப்பதில்லை. மாரியம்மாவுக்குக் கூடப் பிறந்தவன் என்று மிச்சம் இருந்தது தம்பி சுப்பன் ஒருவன்தான். தோட்டத்தை விட்டுப் போய், மலையின் அந்தப் பக்கம் கோலா தெர்லாவில் தக்காளித் தோட்டத்தில் வேலை செய்கிறான்.

ஒரு மணி ஆயிற்று, சுப்பனைக் காணோம்.

“மாமாவுக்குப் போன் போட்டியா குகன்?” என்று கிரகரி மாரியம்மாவின் மகன் குகனேஸ்வரனைக் கேட்டான்.

“என்னண்ணே, சாவு வீட்டுக்காரன் நானே எப்படிக் கூப்பிட்டு சொல்றது? சங்கம்தானே சொல்லணும். ‘அனுப்பப்பட்டது’ன்னு போட்டுருக்கு, ராதாகிருஷ்ணன் காட்டுனாரு. தக்காளி லோரி கிடைக்காம நிக்கிறாரோ என்னவோ.”

முன்பெல்லாம் சங்கத்து ஆள் ஒருவன் மோட்டார் சைக்கிளில் போய் வீடு வீடாகச் சொல்லுவான். ஊர்ச்சேதி வந்த பிறகு அந்த வேலையை விட்டுவிட்டார்கள்.

கிரகரி கொல்லைப் பக்கம் போய்ப் போனில் பட்டியலைத் திறந்தான். அவன் முதலாளி, பணம் கட்டாமலே எல்லாத் தரத்துப் பக்கமும் அவனுக்குத் திறக்கும். முதல் பெயர் வீரப்பன். வீரப்பன் செத்து இருபது வருஷம். இரண்டாவது பெயரும் செத்தவர், மூன்றாவதும் அப்படியே. சங்கத்தை ஆரம்பித்தவர்களின் பெயரை ஆண்டுக் கூட்டத்தில் முதலில் வாசிப்பார்கள், செத்தவர் பெயரை அடிப்பது பாவம் என்று யாரும் அடிப்பதில்லை. ராதாகிருஷ்ணன் நோட்டில் இருந்த வரிசையை அப்படியே ஏற்றியிருந்தார். ஐம்பதில் பத்தொன்பது பேர் மண்ணுக்குள் இருந்தார்கள். தோட்டத்தை விட்டுப் போனவர்கள் எல்லாம் கடைசியில். சுப்பன் அறுபத்து மூன்று.

கிரகரி பட்டியலை மறுபடி மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தான். செத்தவர்களுக்குச் சேதி சொல்லிவிட்டு, உயிரோடு இருக்கும் தம்பியை விட்டிருக்கிறது அவன் கணக்கு. விட்டதைக் காட்டும் பக்கத்துக்கு விலை வைத்ததும் அவன்தான்.

சுப்பனுக்குப் போன் அடித்துப் பார்த்தான், எடுக்கவில்லை. குகனிடம் “நான் போய்க் கூட்டிட்டு வரேன், அதுவரைக்கும் எடுக்காதே” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

சுப்பன் பிளாஸ்டிக் கூரைக்கு அடியில் தக்காளி அடுக்கிக்கொண்டிருந்தான். போன் குடிசையில் கிடந்தது. கிரகரியின் முகத்தைப் பார்த்ததுமே அவன் கை நின்றுவிட்டது.

“அக்காவா?”

“ஆமா மாமா. காலையில.”

“காலையிலயா? மணி ரெண்டரை ஆவுதே தம்பி!”

சுப்பன் குடிசைக்குள் ஓடி ஒரு பையோடு வந்தான். மாம்பழக் கலர் சேலை, தீபாவளிக்கு அக்காவுக்கென்று எடுத்து வைத்தது. வழியெல்லாம் அதை மடியில் வைத்து மடிப்பு கலையாமல் தடவிக்கொண்டே வந்தான்.

சனிக்கிழமை பிரிஞ்சாங் சாலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஸ்ட்ராபெரி பறிக்க வந்த கூட்டம் மலை முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரத்தில் ஒரு மைல்கூட நகரவில்லை. நாலரைக்கு குகன் கூப்பிட்டான். மழை இறங்கிவிட்டது, வெட்டிய குழியில் தண்ணீர் ஏறுகிறது, பெரியவர்கள் எடுக்கச் சொல்கிறார்கள் என்று அழுதான். ஐந்துக்கு இன்னொரு தடவை கூப்பிட்டான். அப்புறம் கூப்பிடவில்லை.

அவர்கள் இடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது குழியை மூடி மண்ணைத் தட்டிவிட்டு எல்லாரும் போயிருந்தார்கள். சுப்பன் சேலையைப் பிரித்து ஈர மண்மேல் போர்த்தினான். மழை அதைச் சேறோடு சேர்த்து அழுத்தியது. காலடிப் பக்கம் மடிப்பு சேற்றில் ஒட்டிப் பிரியாமல் ஒரு முழம் எட்டவில்லை. இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

கிரகரி ஒன்றையும் மறைக்கவில்லை. ஐம்பது பேரையும், தே ஓவையும், கடிக்கவைத்ததையும் சொல்லி முடித்தான். அடித்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

சுப்பன் அடிக்கவில்லை. “மாசம் எவ்வளவு தம்பி அது?” என்றான்.

“முப்பது வெள்ளி மாமா.”

“சங்கம் கட்டலன்னா என்னைக் கேட்டிருக்கலாமேப்பா. நான் கட்டியிருப்பேனே.”

திங்கட்கிழமையே கிரகரி இரண்டு பூட்டையும் எடுத்துவிட்டான். தே ஓவில் இப்போது எல்லாருக்கும் சேதி போகும், போகாதவர் பெயர் சிவப்பில் தெரியும். பணம் கட்டிக்கொண்டிருந்த நாலு கமிட்டி இலவசத்துக்கு இறங்கிவிட்டன. காய்கறிப் பெட்டிக் கடைக்காரனுக்கு வாடகை தள்ளிப்போகிறது. அதெல்லாம் அவனுக்கு உறைக்கவில்லை.

தோட்டத்தில் சாவு விழுந்தால் செயலி சொல்லட்டும் என்று இப்போது அவன் விடுவதில்லை, கோலா தெர்லாவுக்குத் தானே கூப்பிடுகிறான். சுப்பன் மரியாதையாகக் கேட்டுக்கொள்வான். போன தடவை மட்டும் மெதுவாகச் சொன்னான்.

“இனிமே எனக்கு சொல்லணும்னு இல்லப்பா. அங்க எனக்குன்னு இருந்தது அவ ஒருத்திதான்.”