ஏழாவது கேள்வி

போன வாரம் ஒரு மருந்துக்கடையில் ஒளிந்துகொண்டேன்.

தேரடித் தெருவில், சாயங்காலம் ஐந்து மணிக்கு, எடை பார்க்கும் மெஷினுக்குப் பின்னால். வாராவாரம் இந்தப் பக்கத்தில் ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிற ஆள், வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

போலீசுக்குப் பயந்தா? ரவுடிக்குப் பயந்தா? இல்லை. சாந்தி அக்காவுக்குப் பயந்து. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரமாக சுண்டல் கடை போடுகிறவர். எனக்கு ஒரு கெடுதலும் செய்யாதவர்.

அதுதான் பிரச்னையே.

எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை முதலில் மிதித்தவன் நான் என்று இங்கே நாலைந்து தடவையாவது பீற்றிக்கொண்டிருக்கிறேன். அந்தப் படிப்பை வைத்து நான் செய்த ஒரு காரியத்தை மட்டும் இதுவரை எழுதவில்லை. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

படிப்பு முடிந்ததும் கிடைத்த முதல் வேலை, ஒரு ஆஸ்பத்திரி நடத்திய ஆராய்ச்சியில். குழந்தைக்காக மாத்திரை, ஊசி எடுத்துக்கொண்டு கருத்தரித்த பெண்களுக்கு முதல் மூன்று மாதங்களில் என்னென்ன சிக்கல்கள் வருகின்றன என்று பார்க்கிற ஆராய்ச்சி. வாரம் ஒரு முறை சைக்கிளில் வீடு வீடாகப் போய் ஃபாரம் நிரப்ப வேண்டும். "எம் புள்ள டாக்டருக்கு அடுத்த வேலை பாக்கறான்" என்று என் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

ஃபாரத்தில் பன்னிரண்டு கேள்விகள். முதல் ஆறும் சுலபம் — சாப்பாடு, தூக்கம், வாந்தி இப்படி. ஏழாவது: உதிரம் படுகிறதா? எட்டாவது: அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி உண்டா? ஒன்பதாவது: தோள்பட்டையில் வலி உண்டா? மற்ற மூன்றும் அதே ரகம். இந்த ஆறில் எதற்கு 'ஆம்' என்று பதில் வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்து வர வேண்டும்.

ஏன் என்று, ஆராய்ச்சியை நடத்திய டாக்டரம்மா போர்டில் படம் போட்டுக் காட்டினார். கரு சில சமயம் கருப்பைக்கு வந்து சேராமல் குழாயிலேயே தங்கிவிடும். வளர வளரக் குழாய் தாங்காது. உள்ளே ரத்தம் கசிந்தால் தோள்பட்டையில் வலி தெரியும்... நான் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு நோட்ஸ் எடுத்தேன்.

கேட்கத்தான் வாய் வரவில்லை.

கல்யாணமாகாத இருபத்துநாலு வயசு. எங்கள் வீட்டில் அம்மாவும் அக்காவும் மாதத்தில் மூன்று நாள் தனித்தட்டில் சாப்பிடுவார்கள். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை; அவர்களும் சொன்னதில்லை. அப்படி வளர்ந்தவன், யாரோ ஒரு வீட்டில், மாமியார் எதிரில், மருமகளிடம் இதை எப்படிக் கேட்பது?

படித்தவன் ஆயிற்றே... வழி கண்டுபிடித்தேன். ஏழிலிருந்து பன்னிரண்டு வரை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கேள்வி. "வேற ஒண்ணும் தொந்தரவு இல்லியேக்கா?" அவர்களும் "இல்ல தம்பி" என்பார்கள். 'இல்லை' என்று ஆறு கட்டத்தில் ஆறு டிக். வேலை முடிந்தது.

மாதாந்திர மீட்டிங்கில் டாக்டரம்மா என் ஃபாரங்களை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். "ஒரு கட்டம்கூடக் காலியா இல்ல. ஃபாரம்னா இப்படி இருக்கணும்." கைதட்டினார்கள். நான் கூச்சத்தோடு சிரித்தேன். கூச்சம் எதற்கெல்லாம் வருகிறது பாருங்கள்.

சாந்தி அக்காவுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். ஒரு பக்கக் குழாய் ஏற்கெனவே அடைப்பு. இன்னொன்றை நம்பித்தான் சிகிச்சை. நாள் தள்ளிப்போன சமாச்சாரம் மாமியாருக்கும் புருஷன் ஏழுமலைக்கும் மட்டும்தான் தெரியும். மூன்று மாதம் தாண்டாமல் வெளியே சொல்லக்கூடாது. அதனால் என்னை ரேஷன் கார்டு ஆபீசர் என்று தெருவில் சொல்லி வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர், தன் கார்டில் மச்சான் பெயரைச் சேர்க்கச் சொல்லி என் சைக்கிள் பின்னாலேயே ஓடி வந்த கூத்தெல்லாம் நடந்தது.

அந்த மாதம் பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்பு போனேன். மாமியார் கடைக்காகக் கொண்டைக்கடலையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"வேற ஒண்ணும் தொந்தரவு இல்லியேக்கா?"

அக்கா வாயைத் திறக்கும் முன்பே மாமியார் பதில் சொன்னார். "அவளுக்கின்னா தம்பி, நல்லாத்தான் கீறா. சோறுதான் கம்மியா துண்றா."

டிக், டிக், டிக்.

"அத்த, தம்பிக்குக் கொஞ்சம் மோர் கொண்டாங்களேன்" என்றார் அக்கா. மாமியார் உள்ளே போனார். அக்கா தோளைத் தேய்த்து விட்டுக்கொண்டே குரலை இறக்கிக் கேட்டார்.

"தம்பி... அந்தப் பேப்பர்ல வேற ஒண்ணும் கேக்க மாட்டாங்களா?"

"இல்லக்கா. அவ்ளோதான்."

"பொம்பளைங்க சமாச்சாரம் எதுனா...?"

"எல்லாம் எழுதிட்டேன்க்கா."

மோர் வந்தது. குடித்தேன். நன்றாக இருக்கிறது என்று வேறு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தோளைத் தேய்த்த அந்தக் கையைப் பார்த்தேனா? பார்த்தேன். தண்ணீர்க் குடம் தூக்கியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பௌர்ணமியன்று மத்தியானம் அக்கா கடையிலேயே சுருண்டு விழுந்தார். கிரிவலக் கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டது. பாதையில் வண்டி விடவில்லை. ஏழுமலை சுண்டல் வண்டியின் மேலேயே அவரைப் படுக்கவைத்து, "வழி வுடுங்க சாமி, வழி வுடுங்க" என்று கத்திக்கொண்டு மெயின் ரோடு வரை தள்ளிப் போயிருக்கிறார். அங்கிருந்து ஆட்டோவில் எங்கள் ஆஸ்பத்திரி.

உயிர் பிழைத்தார். வெடித்த குழாயை, நம்பியிருந்த அந்த ஒன்றை, எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் டாக்டரம்மா ஃபாரத்தோடு என்னை வார்டுக்குக் கூட்டிப் போனார். அக்காவின் கட்டில் பக்கத்திலேயே கேட்டார்.

"இந்தக் கருவை எப்படியும் காப்பாத்திருக்க முடியாது. ஆனா மூணு நாள் முன்னாடி வந்திருந்தா குழாயைக் காப்பாத்த முயற்சி பண்ணிருக்கலாம். ஏழாவது கேள்வி — 'இல்லை'னு போட்டிருக்க. கேட்டியா?"

"கேட்டேன் மேடம். இல்லன்னாங்க."

என் குரல் நடுங்கக்கூட இல்லை.

டாக்டரம்மா அக்கா பக்கம் திரும்பினார். "ஏம்மா மறைச்ச? ஒரு வாரமா படுதுன்னு இப்ப சொல்றியே. தம்பி கேட்டப்ப சொல்றதுக்கு என்ன?"

அக்கா என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு மேலே ஃபேனைப் பார்த்தார்.

"மறந்துட்டேன் மேடம்" என்றார்.

வயிற்றில் தையலோடு படுத்திருந்தவர், என் வேலையைக் காப்பாற்றினார்.

எட்டு நாள் தாங்கினேன். ஒன்பதாம் நாள் டாக்டரம்மாவிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. என் ஃபாரங்களையெல்லாம் மேஜையில் பரப்பி, "இதுல எது அவங்க சொன்னது, எது நீயா போட்டது?" என்று மட்டும் கேட்டார். தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை. கட்டி எடுத்து ஓரமாக வைத்தார். ஒரு நர்ஸம்மா அத்தனை வீட்டுக்கும் மறுபடி நடந்தார். நான் வேலையை விட்டேன்.

ஆராய்ச்சி என்றால் கண்ணாடிக் குழாய், மைக்ராஸ்கோப் என்று நினைத்திருந்தேன். கடைசியில் அது ஒரு ஆள் இன்னொரு ஆளின் முகத்தைப் பார்த்துக் கேட்கிற கேள்வி. அங்கே வாய் மூடிக்கொண்டால் மிச்சமெல்லாம் வெறும் காகிதம்.

சாந்தி அக்காவிடம் மட்டும் போகவில்லை. டாக்டரம்மா முன்னால் நிற்க முடிந்தது. அக்கா முன்னால் முடியவில்லை. நாலு வருஷம் அந்தப் பாதைப் பக்கமே போகாமல் சுற்றினேன்.

போன வார மருந்துக்கடைக்கு வருகிறேன். எடை மெஷின் எவ்வளவு பெரியது? அக்கா நேராக வந்து நின்றார்.

"இன்னா தம்பி, மெஷினுக்குப் பின்னாடி நின்னா எடை கம்மியா காட்டுதா?"

அசட்டுச் சிரிப்பு சிரித்தேன். என் கையில் இருந்த மாத்திரை அட்டையைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. அதே மாத்திரையை அவரும் விழுங்கியவர்தானே.

"வூட்ல விசேஷமா?"

"ரெண்டாம் மாசம்க்கா." அவரிடம் இதைச் சொல்லவே நாக்கு கூசியது. "அக்கா, அன்னிக்கு நான்—"

"நல்லா இருக்குதா அந்தப் பொண்ணு?"

"நல்லா இருக்கறாக்கா. ஒரு தொந்தரவும் இல்ல."

அக்கா என்னைப் பார்த்தார். அன்றைக்கு வார்டில் பார்த்த அதே பார்வை.

"கேட்டியா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"வூட்டுக்குப் போ. போயி கேளு" என்றார். தைல பாட்டிலை வாங்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

போய்க் கேட்டேன். ஏழிலிருந்து பன்னிரண்டு வரை, ஒவ்வொன்றாக. காது சூடாகிவிட்டது. மனைவி துணி மடிப்பதை நிறுத்திவிட்டு ஆறுக்கும் பதில் சொன்னாள். "இதைக் கேக்க இவ்ளோ நாளா உங்களுக்கு?" என்றாள்.

ஆறு பதிலும் 'இல்லை'தான். ஆனால் இந்த முறை அதைச் சொன்னது அவள்.