அவித்த விதைநெல்

எங்கள் வீட்டில் தீப்பெட்டி அரிசிப் பானைக்குள்தான் கிடக்கும். அடைமழைக் காலத்தில் குச்சி நமுத்துப் போகாமலிருக்க அக்கா கண்டுபிடித்த வழி அது. அரிசி அளக்கக் கையை விட்டால் முதலில் தீப்பெட்டிதான் தட்டுப்படும். “ஊரே இருட்டுல கெடந்தாலும் நம்ம வீட்டுல விளக்கு எரியும்லே” என்பாள். எரிந்தது. இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் இத்தனை பாடுபட்டு அவள் சேர்த்து வைத்ததெல்லாம் கடைசியில் யார் வயிற்றுக்குப் போனது என்று நினைத்தால், எனக்கு இன்றைக்கும் வாயெல்லாம் கசக்கிறது.

அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில், ஆற்றுக்கால்வாய் பாய்கிற ஊர் எங்களுடையது. அப்பாவும் அம்மாவும் நான் சிறுவனாக இருக்கும்போதே அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அக்காவைக் கட்டிய அத்தான் பம்பாய்க்கு வேலைக்குப் போனார். அங்கேயே இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டார். அக்கா ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தாள். வந்த அன்று அவள் அழவில்லை. அடுப்புக்குப் புது மண் பூசினாள்.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அப்பா குத்தகைப் பாட்டத்துக்கு உழுத வயல் ஒன்று எங்கள் கையில் இருந்தது. வயலுக்குச் சொந்தக்காரர்கள் ஆற்றங்கரைத் தெரு ஐயர் வீட்டார். அவர்கள் எல்லோரும் மெட்ராஸ், டெல்லி என்று போய்விட்டார்கள். அவர்களுக்காக ஊரில் ஒரு காரியக்காரர் இருந்தார். பயிர் வைக்கிறவரை வயல் எங்களுக்கு. காலத்தில் நாற்றுப் பாவாமல் தரிசு போட்டால் அடுத்தவனுக்கு. எழுத்தில் ஒன்றும் கிடையாது, வாய்ப்பேச்சுதான்.

“யார் வாசல்லயும் போயி நிக்கக் கூடாது.” அக்காவுக்கு வேறு வேதம் கிடையாது. ஓடு உடைந்தால் அவளே சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கூரையில் ஏறி மாற்றினாள். சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொண்டாள். சித்திரை வெயிலில் சுண்டைக்காயும் மிளகாயும் மோரில் போட்டுக் காயவைப்பாள். ஆவணி முடிவதற்குள் விறகு பரணுக்கு ஏறிவிடும். புளி, உப்பு, மண்ணெண்ணெய் எதற்கும் அவள் கடைக்கு ஓடி நான் பார்த்ததில்லை. தெருப் பெண்கள் கேலி செய்வார்கள்.

“ஏட்டி, பஞ்சம் வருதுன்னு உனக்கு மட்டும் தந்தி வந்துருக்கோ?”

“உங்களுக்கும் வந்துச்சே மதினி. பிரிச்சுப் படிக்காம அடுப்புல போட்டுட்டீங்க” என்பாள் அக்கா.

எதிர்வீட்டு மதினியிடம்தான் அவளுக்கு இந்த மாதிரிப் பேச்சு. மற்றவர்களிடம் அதுவும் கிடையாது.

ஒரு கார்த்திகையில் மலையில் கொட்டிய மழையில் ஆறு கரையேறி ஊருக்குள் வந்துவிட்டது. மழைக்காலப் பிசானச் சாகுபடிக்கு நட்ட வயலெல்லாம் மணல் மூடிப் போயிற்று. அக்கா பதறவில்லை. மறு நாற்றுக்கென்று தனியாக ஒரு விதைக்கோட்டை கட்டி வைத்திருந்தாள். நெல்லை வைக்கோலுக்குள் பொதிந்து, பிரியால் உருண்டையாகச் சுற்றிக் கட்டி, மேலே சாணி மெழுகி வைப்பதுதான் எங்கள் பக்கத்தில் விதைக்கோட்டை. யார் வீட்டுக்குள் போனாலும் அந்த உருண்டையைப் பார்த்ததும் இது விதை என்று தெரியும். தொடமாட்டார்கள். பட்டினி கிடந்தாலும் தொடமாட்டார்கள்.

வெள்ளம் வடிந்து கோட்டையைப் பிரித்தால் உள்ளே அத்தனையும் முளைவிட்டுக் கிடந்தது. புளித்த கள் மாதிரி வாடை. அன்றைக்குத்தான் அக்கா அழுது பார்த்தேன். புருஷன் போனதற்கு அழாதவள் நெல்லுக்கு அழுதாள். அந்த வருஷம் ஊரே தரிசு என்பதால் காரியக்காரர் எங்களை ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அக்கா கோட்டை கட்டுவதை விட்டுவிட்டாள். எங்கிருந்தோ ஒரு தகர டிரம் கொண்டுவந்தாள். மறு வருஷம் அம்பாசமுத்திரம் விதை டிப்போவில் வாங்கி நட்டோம். அந்த அறுப்பில் நல்ல கதிராகப் பார்த்துத் தனியே அடித்து, பல்லில் கடித்தால் டக்கென்று சத்தம் வருகிறவரை காயவைத்து, வேப்பிலையும் நொச்சியும் போட்டு டிரம்மில் கொட்டினாள். மூடியைச் சுற்றிச் சாணியும் மண்ணும் குழைத்து அடைத்தாள். இரண்டு பேரும் முக்கி முக்கிப் பரணில் ஏற்றினோம்.

“இனி ஆறே வீட்டுக்குள்ள குடியிருந்தாலும் நம்ம விதை நனையாதுலே.”

ஒரு தடவைக்கு அல்ல, இரண்டு தடவை நாற்றுப் பாவுகிற அளவுக்கு விதை வைத்திருந்தாள். அது எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும்தான் தெரியும். ஆவணியில் எதிர்வீட்டு மதினி வந்தாள். அவர்கள் கோட்டையில் எலி புகுந்துவிட்டது.

“ஏட்டி, விதை கூடுதலா வச்சிருக்கியா? ஒரு கை குறையுது.”

அக்கா முகம் மாறாமல் சொன்னாள். “எனக்கே இன்னும் வழி பண்ணல மதினி. டிப்போவுலதான் போயி வாங்கணும்.”

மதினி போன பிறகு நான் பரணைப் பார்த்தேன். “என்னலே மேல பாக்க? ஒருத்திக்குக் குடுத்தா தெருவே வந்து நிக்கும். அன்னைக்கு வெள்ளத்துல நமக்கு யாரு குடுத்தா?” என்றாள். அவள் சொன்னது சரிதான் என்று அப்போது எனக்குப் பட்டது. இப்போதும் முழுக்கத் தப்பென்று சொல்ல வாய் வரவில்லை.

புரட்டாசி பிறந்ததும் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. கஷாயம் வைத்துக் குடித்தாள். எல்லாக் கஷாயத்துக்கும் சரக்கு வீட்டிலேயே இருந்தது. காய்ச்சல் கேட்கவில்லை. அம்பாசமுத்திரத்தில் காட்டி, அங்கிருந்து திருநெல்வேலிக்குக் கொண்டுபோனேன். திரும்பி வரும்போது வண்டியில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சேரன்மாதேவி தாண்டுகிறவரை காற்றுக்குச் சேலை பறந்து அவள் முகத்தை மூடிக்கொண்டே வந்தது. நான் எடுத்துவிட்டுக்கொண்டே வந்தேன்.

அத்தான் வரவில்லை. மீசை அரும்புகிற வயதில் நான்தான் கொள்ளி வைத்தேன். அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, அவர் குடும்பத்தோடு வந்து வீட்டில் உட்கார்ந்துவிட்டார். அப்பாவின் தங்கை, என் அத்தை, பிள்ளைகளோடு வந்துவிட்டாள். கேதம் கேட்க வருகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் சோறு. அக்கா உயிரோடிருந்தபோது வருஷத்துக்கு ஒருநாள் எட்டிப் பார்க்காதவர்கள் அவள் போட்ட மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டு, “பாவம், நல்ல பிள்ளை” என்றார்கள். ஒரு மாமா வத்தலைத் தீர்த்துவிட்டு, “இன்னும் இருக்காட்டி?” என்று அத்தையிடம் கேட்டார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். ஒரு மழைக்காலத்துக்கென்று அவள் வைத்திருந்தது அது. மண் குலுக்கையில் இருந்த சாப்பாட்டு நெல்லும் அடியைக் காட்டியது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஊருக்குச் சோறு போட வேண்டும் என்றார் பெரியப்பா. “வெளிய எங்கயும் போவாண்டாம். அவ சேத்து வச்சதே கெடக்கும்” என்றார். நடுவில் அமாவாசை வந்தது. அன்றைக்குப் பாபநாசத்தில் சாம்பலைக் கரைத்தால் விசேஷம் என்று, முந்தின நாள் மத்தியானமே என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு சத்திரத்தில் தங்கினோம். விடிந்ததும் ஆற்றில் இறங்கினேன். புரட்டாசி அமாவாசைக் கூட்டம். படித்துறை முழுக்க எள்ளும் பிண்டமும். தண்ணீர் மலையிலிருந்து வந்த சில்லிப்போடு காலை இழுத்தது. கலயத்தைக் கவிழ்த்தேன். ஒரு நொடியில் ஒன்றுமில்லாமல் போய்விட்டது. பக்கத்தில் ஒருவர் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தோம். தெருமுனையிலேயே நெல் அவிக்கிற வாசம் வந்தது. எங்கள் வாசலில் பாய் விரித்து, அவித்த நெல்லைப் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். ஆவி இன்னும் அடங்கவில்லை. ஓரத்தில் வேப்பிலைச் சருகு குவிந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில் டிரம்மைக் கவிழ்த்து, மேலே முறத்தை வைத்திருந்தார்கள்.

அத்தை காலால் நெல்லைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். “மருமவனே, உங்கக்கா மவராசி. செத்தும் சோறு போடுதா பாத்தியா. பரணுல ஒரு டிரம் நெல்லு வச்சிருக்கா. நேத்தே ஊறப் போட்டுட்டேன்.”

“அத்த, அது விதை.”

“எது?”

“அது விதைநெல்லு. பிசானத்துக்கு வச்சிருந்தது.”

அத்தை காலைத் தூக்கிக்கொண்டாள். நெருப்பை மிதித்தவள் மாதிரி பாயை விட்டு விலகி நின்றாள். “எய்யா, விதைன்னா கோட்டையில்லா கட்டியிருக்கும்? டின்னுல யாருய்யா விதை வப்பா?”

எதிர்வீட்டு மதினியும் அங்கேதான் நின்றாள். நெல் அவிக்க அவளும் கூடமாட வேலை செய்திருக்கிறாள். “விதையே இல்ல, டிப்போவுலதான் வாங்கணும்னு எங்கிட்ட சொன்னாளே. கோட்டையும் காணல. நாங்க என்னத்தக் கண்டோம்?” என்றாள். பிறகு பைய, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். “அப்ப இருந்துருக்கு. இல்லன்னு சொல்லிருக்கா.”

பெரியப்பா குனிந்து ஒரு நெல்லை எடுத்து உரித்து வாயில் போட்டார். “அவிஞ்சாச்சு. இனி முளைக்காது. என்னத்துக்குப் பேச்சு?”

நான் கத்தினேன். என்னவெல்லாம் சொன்னேன் என்று நினைவில்லை. அத்தையைத் திருட்டுமுண்டை என்று சொன்னேனாம், பிறகு சொன்னார்கள். அவள் விடியற்காலையிலிருந்து புகைக்குள் நின்று வேலை பார்த்தவள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அவள்மேல் இரக்கமே வரவில்லை. அதைவிட மோசம், செத்துப்போன அக்காமேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? எதிர்வீட்டுக்கு ஒரு கை கொடுத்திருந்தால் தெருவுக்கே தெரிந்திருக்கும், பரணில் இருப்பது விதையென்று. தண்ணீருக்குப் பயந்து எல்லாம் செய்தாள். தன் சாவைப் பற்றி மட்டும் அவள் நினைக்கவேயில்லை.

அன்று சாயங்காலமே சைக்கிளை எடுத்துக்கொண்டு அம்பாசமுத்திரம் விதை டிப்போவுக்குப் போனேன். “பிசான ரகம் தீந்துபோச்சு தம்பி. அடுத்த லோடு எப்ப வரும்னு தெரியாது” என்றார் அங்கே இருந்தவர். அடுத்த இரண்டு நாளும் ஊரில் தெரிந்த வீடுகளில் கேட்டேன். எல்லோரும் தங்களுக்கு மட்டும் வைத்திருந்தார்கள். இரண்டொரு வீட்டில் விதையை ஏற்கெனவே ஊறப்போட்டாயிற்று. ஒருவர் மட்டும் வாசலில் நின்றே சிரித்தார். “என்னடே, உங்கக்கா வீட்டுல இல்லாததா எங்க வீட்டுல இருக்கப்போவுது?” என்றார். யார் வாசலிலும் போய் நிற்கக் கூடாது என்றவளின் தம்பி அந்த மூன்று நாளில் எல்லார் வாசலிலும் நின்றுவிட்டேன்.

பதினாறாம் நாள் அந்த அரிசியில்தான் சோறு. பொறுக்கி எடுத்த நெல்லல்லவா, பூப்போல இருந்தது. “அரிசி எந்தக் கடை?” என்று பந்தியில் ஒருவர் கேட்டார். “சொந்த வயல் நெல்லு” என்றார் பெரியப்பா. இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்கள். நான் பரிமாறினேன். சாப்பிடவில்லை.

பதினாறு முடிந்த மறுநாள் ஐயர் வீட்டுக் காரியக்காரர் வந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அக்காவுக்காக இரண்டு வார்த்தை சொன்னார். பிறகு கேட்டார்.

“நாத்துப் பாவியாச்சாடே?”

“விதை இல்ல அண்ணாச்சி. கொஞ்சம் தவண குடுங்க. எங்கயாவது பெரட்டிருதேன்.”

“கால்வாயில தண்ணி வந்துட்டு. தண்ணி தவண குடுக்குமா? மெட்ராஸ்ல இருக்கவங்களுக்கு நான் என்னன்னு பதில் சொல்லுவேன்?”

நான் பேசுவதற்கு முன் பெரியப்பா பேசினார். “எங்க நாத்தங்கால்ல கூடுதலாவே பாவியிருக்கேன். இந்த வட்டம் அந்த வயல நான் நட்டுருதேன். பயல் வளந்த பெறவு அவன் பாத்துக்கிடட்டும். வெளிய போவாம நம்ம குடும்பத்துலேயே இருக்கும்லா?”

காரியக்காரர் என்னைப் பார்த்தார். நான் பெரியப்பாவைப் பார்த்தேன். பெரியப்பா தரையைப் பார்த்தார். அவர் முன்பே கணக்குப் போட்டாரா, அந்த நிமிஷத்தில்தான் தோன்றியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கூடுதல் நாற்று எதற்காகப் பாவினார் என்பதும் தெரியாது. தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய?

ஐப்பசியில் நடவு. நான் வரப்பில் போய் நின்றேன். அக்காவும் நானும் சேர்ந்து போட்ட வரப்பு அது. அத்தை சேற்றுக்குள் நின்றபடி கூப்பிட்டாள். “மருமவனே, சும்மா நிக்கியே, அந்த நாத்து முடியை எடுத்து எறியேன். உனக்கும் ஒரு கூலியாச்சு.” நல்ல மனதோடுதான் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை. நான் திரும்பி நடந்தேன். அந்த வாரமே வள்ளியூருக்குப் போய் ஒரு லாரிப் பட்டறையில் சேர்ந்துவிட்டேன்.

அறுப்பு முடிந்ததும் பெரியப்பா ஒரு மூட்டை அரிசியைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருந்தார். “உன் வயல் அரிசியாம், உங்க பெரியப்பா சொல்லச் சொன்னாரு” என்று கண்டக்டர் இறக்கிப் போட்டுவிட்டுப் போனார். திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். பட்டறையில் எல்லோருக்கும் பசி. உலை வைத்துவிட்டார்கள். நானும் தின்றேன்.

அந்த வருஷத்தோடு சரி. அடுத்த பிசானமும் பெரியப்பாதான் நட்டார். மூட்டை வரவில்லை. வயலைப் பற்றி யாரும் என்னிடம் பேசவும் இல்லை.